சித்தப்பாவை அழைத்துவரப் போன பெட்டி

பெட்டி செய்து தந்த ஆசாரி, "உள்ள என்ன சார் வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். எலும்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "பழைய சாமான்தான்" என்று சொல்லி வாங்கி வந்தேன். வேப்பம்பலகை, பித்தளைக் கொண்டி, தூக்கிக்கொண்டு போக மேலே ஒரு கைப்பிடி. என் மும்பைப் பயணத்துக்கு இதுதான் முதல் ஏற்பாடு.

விஷயம் இவ்வளவுதான். என் சித்தப்பா ஞானதாஸ் இளவயதில் மும்பைக்குப் போய், மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து, தாராவியில் குடியிருந்து, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கம் பண்ணப்பட்டவர். என் அப்பா அவருக்கு மூத்தவர். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அப்பாவுக்குப் போகிற நினைப்பு வந்துவிட்டது. திசையன்விளைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தனக்கு இடம் பார்த்துச் சிமெண்டு போட்டாயிற்று. பக்கத்தில் தம்பிக்கும் ஒரு இடம். "அவன் எலும்பையாவது கொண்டு வந்துரு. எனக்குப் பக்கத்துல கெடக்கட்டும்" என்றார்.

சித்தப்பா ஊர்ப்பக்கம் வராமல் போனதற்குக் காரணம் லில்லி சித்தி. தாராவியில் ஒரே சபையில் பாடகர் குழுவில் இருந்தார்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். சித்தி வேறு சாதி. அதற்கு மேல் அவர்மேல் சொல்ல ஒரு குறையும் கிடையாது. எங்கள் ஊரில் எங்கள் சாதிக்கு ஒரு தெரு, சித்தியின் சாதிக்கு ஒரு தெரு; இரண்டுக்கும் ஒரே கோயில், ஒரே போதகர். கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு, நடுவில் ஒரு சுவர். இரட்சிப்பு சகல ஜனங்களுக்கும் உரியது என்று பிரசங்கத்தில் கேட்டு, ஆமென் சொல்லிவிட்டு, அடக்கத்துக்கு அவரவர் வாசல் வழியாகப் போவோம். சுவர் நான் பிறப்பதற்கு முன்பே இருந்தது. அதைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததும் இல்லை.

கிளம்பும்போது அப்பா என்னைக் கூப்பிட்டு, "அவன மட்டுந்தான். வேற பேச்செல்லாம் பேசிட்டு வராத" என்றார். எனக்குப் புரிந்தது. சித்தியிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது, "வாய்யா, வந்து பாத்துக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இவ்வளவு லேசாகச் சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மும்பைக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை என்பதோடு சரி, மற்றபடி எனக்கு அது வெளிநாடுதான். செம்பூரில் என் மனைவியின் அண்ணன் வீட்டில் தங்கினேன். எங்கள் ஊரில் இந்தப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், வீடு போய்ச் சேருவதற்குள் தெருவே வந்து மூடியைத் திறந்து பார்த்திருக்கும். இங்கே லிப்டில் நாலு பேர் என்னோடு வந்தார்கள். பெட்டியை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

மச்சானின் மனைவி சாப்பாட்டுக்கு உப்புமா வைத்தார். பயணம் பண்ணி வந்தவனுக்கு உப்புமா வைக்கிற வழக்கம் மும்பையிலும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பெட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. "காலிப் பெட்டிதானே?" என்று மச்சான் கேட்டார். "இப்போதைக்குக் காலி" என்றேன். அன்று அது பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. எலும்போடு திரும்பி வரும்போது இந்த வீட்டுக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம் என்பதை மச்சான் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குத் தாராவி சபைக்கு வந்துவிடச் சொல்லியிருந்தார் சித்தி. அப்படியே கல்லறைக்கும் போய்விடலாம் என்று நான் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். குர்லாவில் மாறி, சயானில் இறங்க வேண்டும். மச்சான் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்று ஒன்று உண்டாம். தண்டவாள வேலைக்காக ரயில்களை வேறு பாதையில் விட்டுவிடுவார்களாம். நான் ஏறிய வண்டி சயானைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனது. மாட்டுங்காவையும் விட்டுவிட்டது. நான் வாசல் பக்கம் நின்று இறங்குகிற பாவனையில் தவித்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். உட்கார் என்று இந்தியில் அதட்டினார்.

உட்கார்ந்தேன். எதிரே நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு பெரியவர், ரயிலில் பஜனை பாடுகிற கோஷ்டிக்காரர், என் மடியிலிருந்த பெட்டியை ஆசையோடு பார்த்தார். "ஆர்மோனியமா?" என்று கேட்டது எனக்குப் புரிந்தது. இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. இரண்டு பாட்டுக்கு வாசித்தால் என்ன குறைந்துவிடும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைபட்டுக்கொண்டார். தாதரில் நான் இறங்கும்போதும் அவருக்கு என்மேல் வருத்தம் தீரவில்லை.

தாதரிலிருந்து டாக்சி பிடித்து மாட்டுங்காவுக்கு வந்தேன். பசியில் கண் இருட்டியது. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். வாசலில் பூக்கட்டுகிறவர்களும் வாழையிலை விற்கிறவர்களும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காதுக்கு இதமாக இருந்தது. உள்ளே மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எனக்கு வாய்த்தவர் வெள்ளைச் சட்டை போட்ட, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாலக்காட்டுக்காரர். "உக்காருங்கோ, இங்க இட்லியக் காட்டிலும் ரசவடை நன்னா இருக்கும்" என்று எனக்கும் சேர்த்து அவரே சொல்லிவிட்டார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. உள்ளதைச் சொன்னேன். அவர் தன் காபி டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். காலிதான் என்று சொன்னதும் திரும்ப இழுத்துக்கொண்டார். "எங்காத்துல எல்லாம் சாம்பலா போயிடறது. ஒரு சொம்புல அடங்கிடும், கொண்டுபோறதுக்கு சுலபம்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஏன், அவர் இங்கயே இருந்தா என்ன? இத்தனை வருஷம் இருந்தவர்தானே?" என்று கேட்டார். அது குடும்ப விஷயம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். ரசவடை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

தாராவி சபை ஒரு தோல் பை செய்கிற பட்டறைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. இரும்பு ஏணிப்படியில் பெட்டியை இடித்து இடித்து ஏறினேன். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. போதகர் ஒரு வாக்கியம் தமிழில் சொல்ல, ஒரு பெண் அதையே இந்தியில் சொன்னார். வாக்கியத்துக்கு வாக்கியம் இப்படியே. பாதிப் பேர் தமிழர்கள். மராட்டிக்காரர்கள் இருந்தார்கள். பீகார் பக்கத்துப் பையன்கள் ஒரு வரிசை. தமிழ்ப் பிள்ளைகளே பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடினார்கள். ஒருவர் கையில் ஒருவர் குழந்தை, யார் பிள்ளை யார் மடியில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றைய செய்தி ஒரு விருந்தைப் பற்றி. அழைக்கப்பட்டவர்கள் சாக்குச் சொல்லி வராமல் போக, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூட்டி வந்து உட்கார வைத்த கதை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கதைதான். "வரக்கூடாதுன்னு அவர் யாரையும் சொல்லல. வரமாட்டேன்னு நாமதான் சொன்னோம்" என்றார் போதகர். எங்கள் ஊரில் இதே செய்தியை ஒரே மொழியில்தான் சொல்கிறார்கள், மொழிபெயர்ப்பு கிடையாது. அப்படியும் தெருவைத் தாண்டிப் போவதில்லை. இந்த நினைப்பு எப்படி வந்தது என்று தெரியவில்லை. இடத்தின் வெக்கையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜெபம் முடிந்ததும் ஒல்லியான, கறுத்த, நரைத்த தலையுடைய ஒரு அம்மாள் நேராக என்னிடம் வந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. "பொட்டியப் பாத்ததும் தெரிஞ்சுட்டு" என்று சிரித்தார். "அவரு மூக்கு ஒனக்கு."

சித்தி வீடு இரண்டு சந்து தள்ளி. ஒரு அறை, மேலே ஒரு பரண், மூலையில் தைத்து முடித்த பைகள் குவியலாகக் கிடந்தன. நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பது சித்தியின் வேலை. பிள்ளைகள் இல்லை. வீடெல்லாம் கறிக்குழம்பு மணத்தது. சித்தி தட்டை எடுத்து வைத்தார்.

"மாட்டுங்காவுல டிபன் சாப்பிட்டுட்டேன் சித்தி. வயித்துல எடமே இல்ல" என்றேன்.

வயிறு நிறைந்திருந்தது உண்மை. அது மட்டும்தான் காரணமா என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். சித்தி கேட்கவில்லை. தட்டைத் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"கல்லறைக்கு நாளைக்குப் போவோம்யா. இன்னைக்கு ஆபீஸ் பந்த், பூட்டிக் கெடக்கும்" என்றார். பிறகு பைக் குவியலில் ஒன்றை எடுத்து நூலை வெட்டிக்கொண்டே கேட்டார். "அவர அங்கன கொண்டு போயிருவிய. சரி. நாளைக்கு நான் செத்தா, எனக்கும் அங்கன எடம் உண்டா?"

அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"கேளு. கேட்டுச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் சித்தி. குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செம்பூருக்குத் திரும்பியதும் அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் எங்கள் வீட்டில் போன் என்றாலே ஊருக்குச் சொல்கிற கூட்டம்தான், ஸ்பீக்கரில் போட்டுக் கத்துவோம். சித்தி கேட்டதைச் சொன்னேன். "அது எப்படில முடியும்? ஊர்ல நாலு பேரு கேக்க மாட்டானா? செவருக்கு இந்தப் பக்கம் விட மாட்டானுவ. நான் சரின்னாலும் கோயில் கமிட்டி சரின்னு சொல்லாது" என்றார். நான் சரி என்றாலும் என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். அவர் சரி என்று சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

மறுநாள் காலையில் சித்தியும் நானும் கல்லறைக்குப் போனோம். ஷேர் டாக்சியில் பின்சீட்டில் நாலு பேர், என் மடியில் பெட்டி, பெட்டியின் மேல் ஒருவருடைய காய்கறிப் பை. எங்கள் ஊர்க் கல்லறையில் ஆடு மேயும். நடக்க நடக்க இடம் கிடக்கும். இங்கே கல்லறையிலும் நெருக்கடி. சிலுவைகள் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நின்றன. குழி கொஞ்ச வருஷத்துக்குத்தான் என்று சித்தி சொன்னார். அதன் பிறகு தோண்டி, எலும்பை எடுத்துவிட்டு, அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். இந்த ஊரில் செத்தவர்களும் வாடகைக் குடித்தனம்தான்.

எலும்பை எடுத்து எங்கே வைப்பார்கள் என்று கேட்டேன். சித்தி முன்னே நடந்தார். ஆபீஸ் அறைக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காவல்காரரிடம் இந்தியில் என்னவோ சொன்னார். அவர் சித்தியை நன்றாகத் தெரிந்தவர் போல் தலையசைத்து, எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஒரு சுவர் முழுக்கப் பெயர் எழுதிய சின்னச் சின்ன அறைகள் இருந்தன. நான் சித்தப்பா பெயரைத் தேட ஆரம்பித்தேன்.

"அங்கன இல்ல" என்றார் சித்தி.

காவல்காரர் நின்ற இடத்தில், தரையோடு தரையாக வட்டமாக ஒரு சிமெண்டு மேடை, மேலே இரும்பு மூடி. கிணறு மாதிரி இருந்தது. தனி அறை வாங்காதவர்களுடைய எலும்பெல்லாம் இதற்குள் போய்விடும் என்றார் அவர். சித்தப்பா இதற்குள் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். கோவாக்காரர், மங்களூர்க்காரர், மராட்டிக்காரர், மதராஸி எல்லாரும் இருக்கிறார்கள் என்று விரலை மடக்கிச் சொன்னார். யார் யார் என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டதைச் சித்தி இந்தியில் கேட்டார். அவர் சிரித்துவிட்டார். இனிமேல் தெரிந்து என்ன செய்ய என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். அவ்வளவு தூரம், அவ்வளவு அலைச்சல், பொய், ஆர்மோனியம். "ஏன் சித்தி, போன்லயே சொல்லியிருக்கலாம்லா? ரெண்டு வருஷம் முன்னாலயே எடுத்துப் போட்டாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் வரப் போறேன்?"

"அதான் சொல்லல" என்றார் சித்தி.

வாசலுக்கு வெளியே ஒரு டீக்கடை. சித்தி இரண்டு கட்டிங் சாய் வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்தார். சின்னக் கண்ணாடி டம்ளரில் பாதி. கோபமாக இருக்கிறவனால் அதைச் சீக்கிரம் குடிக்க முடியாது, அவ்வளவு சூடு.

"செவருல தனி அறை வாங்கணும்னுதான் நான் சொன்னேன். அவருதான் வேண்டாம்னாரு" என்றார் சித்தி. "ஊர்ல என்னையத் தனியா ஒதுக்கி வச்சது போதும் லில்லி, செத்தும் தனியா வைக்காத, எல்லாரோடயும் போட்டுருன்னாரு. அதனால அங்கன போட்டோம். நான் போனாலும் அங்கனதான். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்லய்யா."

"அப்போ நேத்து என்கிட்ட எடம் உண்டான்னு கேட்டிய?"

"கேக்கணும்னு இருந்துச்சு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து. கேக்க ஒரு ஆள் வரலியே. அவங்க வீட்டுல இருந்து ஒரு ஆளு இந்த வாசல்ல ஏறி ஒரு வாய் சாப்பிட்டுப் போகணும்னு அவருக்கு ஒரு ஆச. ஞாயித்துக்கிழம கறி எடுத்தா, ரெண்டு பேருக்கு இல்ல, மூணு பேருக்குத்தான் எடுப்பாரு. யாராச்சும் வந்தாலும் வருவாங்க லில்லின்னுவாரு. யாரு வருவா? அவரு இருக்கறப்போ வரல. எலும்புக்காச்சும் வருவாங்கன்னு தோணிச்சு. வந்துட்ட."

டீ ஆறிவிட்டது. நான் அதை ஒரே மடக்கில் குடித்தேன். பிறகு, "நேத்து வச்ச கறிக்குழம்பு இருக்கா சித்தி?" என்று கேட்டேன்.

"நேத்து உள்ளதா? அத பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாச்சு. வா, பொம்பில் மீன் வறுக்கேன்" என்று எழுந்து நடக்க ஆரம்பித்தார். நான் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பொம்பில் என்பது இந்த ஊர்க் கடலில் மட்டும் பேர்போன மீன். முள்ளே இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். ரவையில் புரட்டி வறுத்துத் தட்டில் போட்டார். கூடவே தேங்காய் அரைத்த புளிக்குழம்பு, அசல் எங்கள் ஊர் ருசி. சித்தி தாராவியிலேயே பிறந்தவர். இந்தக் குழம்பு எப்படி வந்தது என்று கேட்டேன். "அவரு சொல்லச் சொல்ல வச்சுப் பழகினது. ஒங்க ஆச்சி வைக்க மாதிரியே வரணும்னு ஒரு வருஷம் உயிர எடுத்தாரு" என்றார். நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். எனக்கு அழுகை வந்தது. மிளகாய் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். சித்தி நம்பினதாகத் தெரியவில்லை.

பெட்டியைச் சும்மா கொண்டுபோகக் கூடாது என்று சித்தி அதில் பொம்பில் கருவாட்டைத் தாளில் சுற்றி அடுக்கினார். திரும்பிப் போகிற ரயிலில் நான் என்ன பாடுபடப்போகிறேன் என்று யோசித்துக்கொண்டே அப்பாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்தான்.

நடந்ததைச் சொன்னேன். சித்தப்பா தனியாக இல்லை, கிணறு மாதிரி ஒரு இடத்தில் எல்லாரோடும் இருக்கிறார், இனிமேல் பிரித்து எடுக்க முடியாது என்றேன்.

"அதுல யாரு யாருலாம் கெடக்காங்க?"

"எல்லாருந்தான்பா. நம்ம ஆளுவ, அவங்க ஆளுவ, கோவா, மங்களூரு, மராட்டி."

"பேரு எழுதிருக்கா?"

"ஒரு பேரும் இல்ல."

"அவனேதான் கேட்டானா அப்படிப் போடச் சொல்லி?"

"அவரேதான் கேட்டாராம்."

போனில் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அடிப்பது கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"ஏல, வெளியூர்க்காரனப் போடச் சொன்னா அதுல போடுவாங்களா? கேட்டுச் சொல்லேன்."

"யாரப்பா போட?"

"என்னையத்தான்."

நான் சித்தியைப் பார்த்தேன். கருவாட்டைச் சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, போனை என் கையிலிருந்து வாங்கினார். தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அத்தான், நான் லில்லி பேசுதேன்."

அந்தப் பக்கம் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"போடுவாங்க அத்தான். அங்கன யாரையும் நீ யாருன்னு கேக்க மாட்டாங்க. ஆனா அதுக்கு இன்னும் நாள் கெடக்கு. மொதல்ல உசுரோட ஒரு தரம் வாங்க. வந்து சாப்பிடுங்க."

என் அப்பா தன் தம்பி மனைவியிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியவர் அல்ல. நான் பயந்துகொண்டே இருந்தேன்.

"வாரேன்" என்றார். பிறகு, "என்ன கொழம்பும்மா வைப்ப?" என்று கேட்டார்.